டிரைஎத்தில் அமீனா, டைபியாவா?

வினையில் வெளிவரும் அமிலத்தைப் பிடித்துவைக்கும் காரங்கள் டிரைஎத்தில் அமீனும் டைபியாவும் (டைஐசோபுரப்பைல் எத்தில் அமீன்). பெங்களூருவின் பொம்மசந்திரா, ஜிகணி பக்கத்து ஆய்வகங்களில் எந்த ஃப்யூம்ஹூடைத் (புகை உறிஞ்சும் வேலைப்பெட்டி) திறந்தாலும் இந்த இரண்டு பாட்டில்களும் இருக்கும். கார வலுவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை, கார வலுவைக் காட்டும் பிகேஏ எண் இரண்டுக்கும் 11-ஐ ஒட்டித்தான். நாற்றமும் கருவாட்டுக் கூடைதான். 10 மில்லிமோலுக்கு டிரைஎத்தில் அமீன் 1.39 மி.லி., டைபியா 1.74 மி.லி. விலையிலும் முன்னதே மலிவு.

அன்றாட வினைக்கு என் கை டிரைஎத்தில் அமீனுக்கே போகும். வேலை முடிந்ததும் ஒழுங்காக வெளியேறிவிடும் என்பதுதான் காரணம்.

விளைபொருள் அமிலம் தாங்குமானால் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் இரண்டுமே போய்விடும், பேச்சே இல்லை. சிலைல் ஈத்தரோ அசிட்டாலோ இருந்தால் கழுவ முடியாது, வெற்றிடத்தில் சுழற்றி ஆவியாக்கும் ரோட்டாவேப்தான் கதி. அங்கே டிரைஎத்தில் அமீனின் கொதிநிலை 89 டிகிரிக்கும் டைபியாவின் 127 டிகிரிக்கும் உள்ள தூரம் தெரியும். கோடையில் ஆஸ்பிரேட்டர் (தண்ணீர் ஓட்டத்தால் வெற்றிடம் தரும் பம்ப்) தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால், வெற்றிடம் 42 மில்லிபாருக்குக் கீழே இறங்காது. தண்ணீரின் சொந்த ஆவியழுத்தமே அவ்வளவு. 40 டிகிரி பாத்தில் டிரைஎத்தில் அமீன் அதற்கே ஓடிவிடும். டைபியா குடுவையில் உட்கார்ந்துகொள்ளும்; டொலுயீன் விட்டு இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டும்.

டிரைஎத்தில் அமீன் அமிலத்தைப் பிடித்து உண்டாகும் குளோரைடு உப்பை வடிகட்டுவதானால் டிசிஎம்மில் (டைகுளோரோமீத்தேன் கரைப்பான்) வடிகட்டாதீர்கள், அதிலேயே கரைந்து கூடவே வரும். டிசிஎம்மை ஓட்டிவிட்டு ஈத்தர் ஊற்றிக் கலக்குங்கள், வெள்ளையாகப் பிரியும். உப்பு மிச்சம் தங்கிவிட்டால், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையில் 3.1-இல் குவார்ட்டெட்டும் (நான்கு முனைச் சிகரம்) 1.4-இல் டிரிப்லெட்டும் (மூன்று முனை) வந்து நிற்கும்.

டிரைஎத்தில் அமீனை உலர்த்துவது: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு குளிகைகள் மேல் ஒரு ராத்திரி, பிறகு கால்சியம் ஹைட்ரைடு சேர்த்து நைட்ரஜனில் 2 மணிநேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவைத்தல்), அப்புறம் வடித்தல். முதல் பத்தில் ஒரு பங்கைத் தள்ளுங்கள். 55 டிகிரியில் கொதிக்கும் டைஎத்தில் அமீன் அதில்தான் வரும். அது தங்கினால் அமிலக் குளோரைடைத் தின்று டைஎத்தில் அமைடு ஆக்கிவிடும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 86 டிகிரி வாக்கிலேயே வடியும். 89 வரட்டும் என்று காத்திருந்தால் நல்ல பங்கெல்லாம் கழிவுக் குடுவைக்குப் போயிருக்கும். மிச்ச ஹைட்ரைடை ஐசோபுரப்பனால் சொட்டுச்சொட்டாக விட்டே அடக்க வேண்டும், நேரே தண்ணீர் கூடாது.

டைபியாவைத் தவிர்க்க முடியாத இடமும் உண்டு. பென்சில் புரோமைடு மாதிரி சுறுசுறுப்பான ஆல்கைல் ஹாலைடு இருந்தால் டிரைஎத்தில் அமீன் தானே அதைத் தாக்கி நாற்படி உப்பாகிவிடும் (நைட்ரஜனில் நான்கு தொகுதி ஒட்டியது). டைபியாவில் நைட்ரஜனைச் சுற்றி இரண்டு ஐசோபுரப்பைல் காவல் இருப்பதால் அந்த வம்பு வெகுவாகக் குறையும். ஆல்கஹாலை மாம் குளோரைடால் (மெத்தாக்சிமெத்தில் குளோரைடு) மூடிக் காப்பதற்கும், ஹாட்டு என்ற இணைப்பு வினைப்பொருளை வைத்து அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு இணைப்புக்கும் அதுவே சரி. இணைப்பில் அமினோ அமிலத்துக்கு டைபியா 2 ஈக்விவலன்ட் (மோல் கணக்கில் இரண்டு மடங்கு) போதும். கூட்டினால், குறிப்பாக சிஸ்டீனில், ரேசிமைசேஷன் (இடக்கை-வலக்கை வடிவம் கலந்துபோதல்) தலைதூக்கும்.

இதெல்லாம் கிராம் அளவு வேலைக்கான கணக்கு. கிலோ கணக்கில் செய்பவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

டிரைஎத்தில் அமீனுக்கு இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போடும்போது வெறும் டீஈஏ என்ற சுருக்கத்தை எழுதாமல் வேதிப்பொருளின் அடையாளமான சிஏஎஸ் எண் 121-44-8-ஐயும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே சுருக்கம் கொண்ட டிரைஎத்தனோலமீன் கேன் வந்து இறங்கும்.