எஸ்டாவும் இரண்டு ஈடிஏ-க்களும்: கட்டணத்துக்கு அப்பால் ஓர் ஒப்பீடு

விசா விலக்கு பெற்ற கடவுச்சீட்டு கையில் இருந்தாலும், முன்கூட்டியே மின்னணு அனுமதி வாங்காமல் இன்று பல நாடுகளுக்கு விமானம் ஏற முடியாது. இத்தகைய அனுமதிகளான அமெரிக்காவின் எஸ்டா (ESTA) 2009 ஜனவரியிலும் கனடாவின் ஈடிஏ (eTA) 2016-இலும் கட்டாயமாயின. பிரிட்டன் 2023 நவம்பரில் கத்தார் நாட்டவரிடம் தொடங்கி, 2025 ஏப்ரலில் ஐரோப்பியர்களையும் தன் ஈடிஏ திட்டத்துக்குள் கொண்டுவந்தது.

கட்டணத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. கனடா 7 கனடிய டாலருக்கு ஐந்தாண்டு அனுமதி தருகிறது. அமெரிக்கா 2025 செப்டம்பர் இறுதியில் கட்டணத்தை 21 டாலரிலிருந்து 40 டாலராக உயர்த்திய பிறகும் இரண்டாண்டுதான் தருகிறது. பிரிட்டனின் அனுமதியும் இரண்டாண்டே. 10 பவுண்டில் தொடங்கிய அதன் கட்டணம் 2025 ஏப்ரலில் 16 ஆனது. கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும் என்பதில் மூன்று நாடுகளும் ஒன்றுபடுகின்றன. ஆனால், இந்த அனுமதிகள் கடவுச்சீட்டு எண்ணோடு பிணைக்கப்பட்டவை என்பதால், எட்டு மாதத்தில் காலாவதியாகும் கடவுச்சீட்டைக் கொண்டு விண்ணப்பித்தால் கனடாவின் ஐந்தாண்டும் எட்டு மாதமாகச் சுருங்கிவிடும்.

உண்மையான வேறுபாடு, உள்ளே நுழைந்த பிறகுதான் தெரியும். கனடாவிலும் பிரிட்டனிலும் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். அமெரிக்காவில் 90 நாள்தான், நீட்டிப்பும் கிடையாது. இடையில் மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ ஒரு வாரம் போய்த் திரும்பினாலும் அந்த வாரமும் 90 நாள் கணக்கில்தான் சேரும். இதை அறியாமல் பயணத் திட்டம் போடுபவர்கள் ஏராளம்.

வழியும் முக்கியம். கனடாவின் ஈடிஏ விமானப் பயணத்துக்கு மட்டுமே. தரைவழியாக நுழைபவருக்கு அது தேவையில்லை. அமெரிக்காவோ 2022 அக்டோபர் முதல் தரைவழி எல்லையிலும் எஸ்டாவைக் கேட்கிறது. அங்கே விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் எஸ்டா வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பிரிட்டன் தாராளம்: ஹீத்ரோவிலோ மான்செஸ்டரிலோ குடிவரவுச் சோதனையைக் கடக்காமல் விமானம் மாறுபவருக்கு ஈடிஏ வேண்டியதில்லை.

பழைய பயணங்களையும் அமெரிக்கா துருவிப் பார்க்கும். 2011 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ ஈரான், ஈராக், சிரியா போன்ற நாடுகளுக்குச் சுற்றுலா சென்றவர்களுக்கு எஸ்டா வழி அடைபடும். 2021 ஜனவரி 12 அன்றோ அதற்குப் பிறகோ கியூபா சென்றவர்களுக்கும் அப்படியே. விண்ணப்பப் படிவத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் சுழியத்தைத் தட்டிவிட்டால்கூட, அனுமதி ஓர் எண்ணுக்கும் கடவுச்சீட்டு வேறோர் எண்ணுக்குமாகி, விமான நிலையத்திலேயே பயணம் நின்றுபோகும்.

அமெரிக்காவையும் கனடாவையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர் எஸ்டாவுக்கு முதலில் விண்ணப்பிப்பதே சரி என்பது என் கருத்து. பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். சில வாரங்கள் முன்பே செய்வது நல்லது. எஸ்டா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது, தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கும் காலத்தில், வாங்கிவைத்த கனடா பயணச்சீட்டின் நாள் கடந்துவிடலாம்.