800 கலோரி டயட்டா, பொறுமையா குறைக்கறதா: பாண்டி, கடலூர் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு அலசல்

உடம்ப குறைக்கணும்னு வீட்ல யாராவது வாயத் தொறந்தா போதும், உடனே ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி, மூணு வேளையும் டப்பா ஷேக்க கலக்கி குடி, நாளைக்கு 800 கலோரிய தாண்டாத, மூணு மாசத்துல பத்து பதினஞ்சு கிலோ போயிடும்னு சொல்லும். இன்னொரு கட்சி, அதெல்லாம் பட்டினி, முடி கொட்டும், விட்ட உடனே டபுளா ஏறும், சோத்த கொஞ்சம் குறைச்சுட்டு பீச் ரோட்ல நடந்தாலே போதும்னு சொல்லும். ரெண்டுலயும் பாதி பாதி உண்மை இருக்கு. ஆனா யாருக்கு சொல்றோம், அவங்களுக்கு சுகர் இருக்கா, என்ன மாத்திரை போடறாங்கன்னு எதையும் கேக்காமலே ரெண்டு கட்சியும் சொல்லுது பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பு.

நம்ம ஊருக்கு இது சும்மா பொழுதுபோக்கு சண்டை இல்ல. 2023ல வந்த ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வுல நாட்டுலயே சுகர் அதிகம் இருக்கற எடம் கோவா, 26.4 சதவீதம், அதுக்கு அடுத்து நம்ம புதுச்சேரி, 26.3 சதவீதம், அதாவது பெரியவங்கள்ல நாலு பேர எடுத்தா ஒருத்தருக்கு மேலயே சுகர்.

மொதல்ல 800 கட்சிய எடுத்துக்கலாம், ஏன்னா அதுக்குதான் கெட்ட பேரு ஜாஸ்தி. அந்த கெட்ட பேரு சும்மா வரல. 1970கள்ல அமெரிக்கால தோலு, எலும்புல இருந்து எடுக்கற கொலாஜன் புரதத்த தண்ணியா பாட்டில்ல அடைச்சு வித்தாங்க, அத மட்டும் குடிச்சு நாளைக்கு 400 கலோரிகூட இல்லாம மாசக்கணக்குல ஓட்டினாங்க, 1977, 78 வாக்குல ஐம்பது பேருக்கு மேல செத்தாங்க, நெறைய பேருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி. அந்த புரதம் தரமில்லாதது, பொட்டாசியம் மாதிரி தாது உப்பும் சரியா இல்ல. இப்ப ஆஸ்பத்திரில குடுக்கற 800 கலோரி ஃபார்முலா இதுக்கு அப்புறம் திருத்தி செஞ்சது, நல்ல புரதம், விட்டமின், உப்பு எல்லாம் அளந்து போட்டது. அதனால பழைய சாவ காட்டி இன்னைக்கு ஃபார்முலாவ திட்டறது நியாயமில்ல. அதே மாதிரி இன்னைக்கு ஆராய்ச்சிய காட்டிட்டு வெறும் ஜூஸும் முட்டைக்கோஸ் சூப்பும் குடிச்சு வீட்டுலயே 'விஎல்சிடி' (ரொம்ப கம்மி கலோரி டயட்) பண்றேங்கறதும் நியாயமில்ல, அது அந்த 1977 பக்கமா திரும்பிப் போறது.

"வேகமா குறைச்சா வேகமா ஏறும்"னு எல்லாரும் அடிச்சு சொல்வாங்க இல்ல, அத நேரடியாவே சோதிச்சு பாத்துட்டாங்க. மெல்பர்ன்ல 200 பேரு, பாதி பேருக்கு 12 வாரம் 450லேருந்து 800 கலோரி, மீதி பேருக்கு 36 வாரம் நாளைக்கு 400, 500 கலோரி மட்டும் குறைச்சு. ரிசல்ட் 2014ல வந்துச்சு. 12.5 சதவீத எடைய குறைக்கணும்ங்கற டார்கெட்ட வேகமா போனவங்கள்ல 81 சதவீதம் பேரு தொட்டாங்க, பொறுமையா போனவங்கள்ல 50 சதவீதம்தான். அதுக்கப்புறம் 144 வாரம் கவனிச்சதுல ரெண்டு கூட்டத்துக்குமே குறைஞ்சதுல சுமார் 71 சதவீதம் திரும்ப ஏறிடுச்சு. அதாவது பொறுமையா குறைச்சதால மிச்சமாச்சுன்னு எதுவுமே இல்ல. பொறுமை கட்சிக்கு இது கசப்பு, 800 கட்சிக்கு அதவிட கசப்பு, ஏன்னா குறைச்ச எடைல முக்கால்வாசி கிட்ட திரும்பி வந்துடுச்சே.

இதுல பழைய டிவி உதாரணம் ஒண்ணு உண்டு, 1988ல அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே ஷேக்கு மட்டும் குடிக்கற டயட்ல 67 பவுண்டு, கிட்டத்தட்ட 30 கிலோ குறைச்சு, அவ்ளோ கொழுப்ப ஒரு சின்ன வண்டில போட்டு மேடைல இழுத்துக்கிட்டு வந்தாங்க, அப்புறம் எடை திரும்பிடுச்சு, அவங்களே சொல்லிட்டாங்க. காசுக்கும் ஆளுக்கும் குறையில்லாத அவங்களுக்கே அப்படின்னா நம்ம மஞ்சக்குப்பம் ஆளுக்கு டப்பா தீர்ந்த மறுநாள் என்னா ஆகும்னு யோசிங்க.

அப்ப 800 வேஸ்ட்டா? எடைக்கு மட்டும்னா நான் பெருசா சிபாரிசு பண்ண மாட்டேன். சுகருக்குன்னா கத வேற. பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு, 2017ல ரிசல்ட் வந்துச்சு, சுகர் வந்து 6 வருஷத்துக்குள்ள இருக்கறவங்கள எடுத்து 825லேருந்து 853 கலோரி ஷேக்கும் சூப்பும் மட்டும் 3 முதல் 5 மாசம் (கறாரா பாத்தா இது 800க்கு மேல, சில டாக்டருங்க இத விஎல்சிடி லிஸ்ட்டுலயே சேக்க மாட்டாங்க, போகட்டும்). ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாம சுகர் கட்டுக்குள்ள, வழக்கமான சிகிச்சைல இருந்தவங்களுக்கு 4 சதவீதம். ரெண்டாவது வருஷம் 36க்கு எறங்கிடுச்சு. 15 கிலோவும் அதுக்கு மேலயும் குறைச்சவங்கள மட்டும் பாத்தா மொத வருஷம் 86 சதவீதம். அதாவது இங்க வேலை செஞ்சது ஷேக்கு இல்ல, ஈரல்லயும் கணையத்துலயும் சேந்த கொழுப்பு எறங்கினது.

ஆனா அவங்க ஆளுங்க சராசரியா 100 கிலோ. நம்ம பக்கம் 68 கிலோ ஆளுக்கே சுகர் வருது, அவர பாத்து யாரு குண்டுன்னு சொல்வா? அதுக்கும் ஒரு பதில் இருக்கு. டைரக்ட் நடத்தினவங்கள்ல ஒருத்தரான ராய் டெய்லர், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு) 27க்கு கீழ இருக்கற 20 சுகர்காரங்கள வச்சு தனியா ஒரு சின்ன ஆய்வு பண்ணாரு, கொஞ்ச கொஞ்ச வாரமா 800 கலோரி, நடுவுல விட்டு விட்டு. 14 பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துச்சு, குறைச்ச எடை சுமாரா 6.5 சதவீதம்தான். 68 கிலோ ஆளுக்கு அது நாலரை கிலோ! 20 பேரு ரொம்ப கம்மிதான், அத வச்சு ஊரையே டப்பாவுக்கு மாத்த முடியாது, ஆனா ஒல்லியா இருக்கோம் நமக்கு எதுக்கு டயட்னு நெனைக்கற சுகர்காரங்க இத கேட்டுக்கறது நல்லது.

இங்கதான் ஆபத்தும் இருக்கு. நெல்லிக்குப்பம் சித்தப்பா (சக்கர ஆலை ஊர்ல சுகர், இத சொல்லி அவரே சிரிப்பாரு) போன்ல கேட்டாரு, "ஏம்பா, டப்பா குடிச்சா மாத்திரைய நிறுத்திடலாமாமே, நாளைலேருந்து நிறுத்திட்டு குடிக்கட்டா?" நான், "சித்தப்பா, மாத்திரைய நிறுத்தறதும் டாக்டர்தான் சொல்லணும், நிறுத்தாம டப்பா குடிக்கறதும் டாக்டர்தான் சொல்லணும், ரெண்டயும் நீங்களா பண்ணாதீங்க"ன்னேன். க்ளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ அதே டோஸ்ல போட்டுக்கிட்டு 800 கலோரிக்கு போனா சுகர் சடார்னு எறங்கி மயக்கம் போட்டுடும், டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைனா சுகர் நார்மலா காட்டிக்கிட்டே ரத்தத்துல அமிலம் ஏறற ஆபத்து, பிபி மாத்திரை அப்படியே இருந்தா எழுந்திரிக்கும்போது தல சுத்தி விழறது. டைரக்ட்ல மொத நாளே சுகர் மாத்திரையையும் பிபி மாத்திரையையும் நிறுத்திட்டுதான் ஆரம்பிச்சாங்க, ஆனா நர்ஸும் டயட்டீஷியனும் கூடவே இருந்தாங்க. தெருமுனை நியூட்ரிஷன் சென்டர்ல ஷேக்கு கலக்கி குடுக்கறவரு உங்க மாத்திரை சீட்ட வாங்கி பாத்தாரான்னு நீங்களே யோசிங்க. பாண்டியாச்சேன்னு இன்னொண்ணும் சொல்லிடறேன், 650 மில்லி பீர் ஒரு பாட்டில் 300 கலோரிய தொடும், அது எந்த டயட் சார்ட்லயும் இருக்காது, அதுவும் மாவுச்சத்தே உள்ள போகாத நாள்ல சுகர் மாத்திரையோட சேந்தா லோ சுகர் ஆபத்து இன்னும் ஜாஸ்தி.

மத்த தொல்லைங்களும் இருக்கு. பித்தப்பைல கல்லு வர்றது வேகமா எறங்கறப்போ அதிகம், கொழுப்பே சாப்பிடலன்னா பித்தப்பை சுருங்காம பித்தம் அப்படியே தேங்குது, அதனாலதான் நல்ல ஃபார்முலால கொஞ்சம் கொழுப்பு வச்சிருப்பாங்க. யூரிக் ஆசிட் ஏறும், கவுட் (அதனால மூட்டு வீங்கி வலிக்கற நோய்) இருக்கறவங்களுக்கு வேதனை. முடி ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளந்துடும். மாதவிடாய் நின்ன பெண்கள வச்சு சிட்னில பண்ண ஆய்வுல (2019) வேகமா குறைச்சவங்களுக்கு எடையும் கொழுப்பும் நல்லாவே கூடுதலா எறங்குச்சு, கூடவே இடுப்பெலும்போட அடர்த்தியும் கூடுதலா குறைஞ்சுது. அம்மா, பெரியம்மா வயசுக்காரங்களுக்கு டப்பா வாங்கி குடுக்கறதுக்கு முன்னாடி இத யோசிக்கணும். கர்ப்பிணி, பால் குடுக்கறவங்க, டைப் 1 சுகர்காரங்க, கிட்னி கோளாறு, சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க, சாப்பாட்டோட மல்லுக்கட்டற மனப்பிரச்சன இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் இந்த பேச்சே வேணாம்.

டப்பா வெல ஜாஸ்தி, வீட்டு சாப்பாட்டுலயே 800 வராதான்னு கேப்பீங்க. வரும், கணக்கு போட்டு பாத்தேன். சங்கரா மீனு சதை மட்டும் 200 கிராம், முட்டை ரெண்டு, பருப்பு வேகாத அளவு 50 கிராம், தயிர் 200 கிராம், சொரக்கா, கீரை, கத்திரிக்கா எல்லாம் சேத்து 300 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். சுமாரா 770 கலோரி, புரதம் 70 கிராமுக்கு மேலயே வந்துடுது. சைவம்னா மீனுக்கு பதிலா சோயா, பன்னீர்னு போகணும், கஷ்டம்தான், ஆனா முடியும். கவனிச்சீங்களா, இதுல சோறு ஒரு பருக்கை இல்ல, இட்லி இல்ல, பண்ருட்டி பலாச்சுளை இல்ல, முந்திரி இல்ல. ஒரு மெஸ்ல அன்லிமிட்டட் மீல்ஸ் ஒரு தடவ சாப்பிட்டாலே 800 முடிஞ்சிடும். விட்டமின் மாத்திரையும் தனியா வேணும். டப்பாவோட ஒரே பெரிய லாபம் சத்து கூட இல்ல, என்ன சாப்பிடலாம்னு முடிவு பண்ற வேலையே இல்லாம போயிடுது, வீட்ல எல்லாரும் மீன் கொழம்பு சாப்பிடும்போது நீங்க யோசிக்கறதுக்கு எதுவும் இல்ல. அது சிலருக்கு விடுதலை, சிலருக்கு நரகம், கல்யாண சீசன்ல எல்லாருக்குமே நரகம்.

இப்ப பொறுமை கட்சி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்குப்படி உக்காந்த வேலை செய்யற ஆணுக்கு 2110 கலோரி, பெண்ணுக்கு 1660. ஆணுக்கு 500 குறைக்கறது எப்படின்னா மத்தியானம் ஒரு கப் சோறு கம்மி, சாயங்காலம் ரெண்டு பஜ்ஜி வேணாம், டீல சக்கர வேணாம், கிட்டத்தட்ட முடிஞ்சுது. கேக்க ஈஸியா இருக்கும், ஆனா மாசம் ரெண்டு கிலோ கூட எறங்காம மெஷின் முள்ளு அங்கேயே நிக்கறப்போ ஆளு வெறுத்து போயிடறாரு, மெல்பர்ன்ல பாதி பேரு டார்கெட்ட தொடலன்னா காரணம் அவங்க சோம்பேறியா இருந்ததுனு நான் நெனைக்கல, கண்ணுக்கு தெரியற மாதிரி எதுவும் நடக்காம ஒன்பது மாசம் கட்டுப்பாடா இருக்கறது ரொம்ப கொடுமை. 800ல மொத வாரமே மூணு கிலோ எறங்கும், அதுல பெரும்பகுதி தண்ணி, உடம்பு சேத்து வச்ச மாவுச்சத்தான கிளைகோஜனோட ஒட்டிக்கிட்டு இருந்த தண்ணி, இருந்தாலும் மனசுக்கு தெம்பு. பெண்ணுக்கு 1660லேருந்து 500 எடுத்தா 1160, அதுவே ஒண்ணும் சுலபம் இல்ல, அத 'மெதுவான வழி'ன்னு சொல்றவங்க அந்த 1160ல குடும்பத்துக்கும் சமைச்சு போட்டு பாக்கட்டும்.

16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரம் சாப்பாடுங்கறத பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. சீனால 139 பேர வச்சு ஒரு வருஷம் பண்ணாங்க (2022), கலோரி ரெண்டு பக்கமும் ஒரே அளவுல குறைச்சது, நேரக் கட்டுப்பாட்டோட 8 கிலோ, அது இல்லாம 6.3 கிலோ, வித்தியாசம்னு சொல்ற அளவுக்கு இல்ல. ராத்திரி பரோட்டா கடைய தாண்டி வர ஒதவினா பண்ணுங்க.

எடை குறைக்கற ஊசி கட்சியும் வந்தாச்சு, 2025லேருந்து மௌன்ஜாரோவும் வீகோவியும் இங்கயே கெடைக்குது. வீகோவில இருக்கற செமாக்ளூட்டைடு 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எறக்குது, பசியே அடங்கிடுது, அதான் 800 கட்சியால முடியாத ஒண்ணு. ஆனா நிறுத்தின ஒரு வருஷத்துல எறங்கினதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. ஆக டப்பா, ஊசி, அரைவயிறு எதா இருந்தாலும் நிறுத்தின பிறகுதான் மாட்டிக்கறோம்.

அதனால என் தீர்ப்பு இதுதான். கல்யாணத்துக்கு புடவை நல்லா நிக்கணும்னு அஞ்சு கிலோ குறைக்க நெனைக்கற பொண்ணுக்கு 800 வேணவே வேணாம். சுகர் வந்து அஞ்சாறு வருஷத்துக்குள்ள, மாத்திரைல இருக்கற, நாப்பது அம்பது வயசுக்காரர்னா டாக்டர் கிட்ட போய் நேரா கேளுங்க, கோரிமேடு ஜிப்மரோ உங்களுக்கு பழக்கமான டாக்டரோ. போகும்போது கேக்க வேண்டிய மொத கேள்வி எவ்ளோ எறங்கும்ங்கறது இல்ல, டப்பா முடிஞ்ச அடுத்த ரெண்டு மாசம் என்ன சாப்பிடணும்ங்கறது. டைரக்ட்ல 2 வாரம் முதல் 8 வாரம் வரைக்கும் ஒவ்வொரு வேளையா சாப்பாட்ட திரும்ப கொண்டு வந்தாங்க, அப்புறம் மாசாமாசம் வரச் சொன்னாங்க, எடை 2 கிலோ ஏறினாலே கொஞ்ச வாரத்துக்கு திரும்ப ஷேக்கு. இந்த ரெண்டாவது பாதிக்கு யாருகிட்டயும் பதில் இல்லன்னா பொறுமை கட்சிலயே இருந்துடுங்க.

கடைசியா, யாராவது "எனக்கு சுகரே போயிடுச்சு"ன்னு சொன்னா மாத்திரைய நிறுத்தி மூணு மாசமாவது ஆச்சா, ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்) 6.5க்கு கீழ இருக்கான்னு கேளுங்க, ரெண்டும் ஆமான்னா அது ரெமிஷன், உண்மையான சந்தோஷ சேதிதான். ஆனா எடை ஏறினா சுகரும் திரும்ப வரும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணு, கிட்னி, காலு டெஸ்ட் எடுக்கறத மட்டும் அவர விட்டுட வேணாம்னு சொல்லுங்க.