தியேட்டர் பூட்டு, அதனால் ரெலிபார்ட்டி

கொரோனாப் பயணத்தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ராஜா, செல்வா, கார்கில்ஸ் ஸ்குயார் தியேட்டர்கள் எல்லாம் பூட்டு. தடை எப்போது எடுபடும் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. அப்போது சிநேகிதரோடு கூட்டாகப் படம் பார்க்க இருந்த வழிகளில் ரெலிபார்ட்டிதான் நல்லது என்பது என் முடிவு, ஆனால் அதை மட்டும் பாவித்தால் பாதிச் சுகம்தான்.

தெரியாதவர்களுக்கு: முன்பு நெற்பிளிக்ஸ் பார்ட்டி என்று இருந்தது, 2020 இல் பெயர் மாறியது. குரோம் பிரவுசரில் சேர்க்கிற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன், காசு இல்லை. ஒருவர் படத்தைத் திறந்து லிங்கை அனுப்ப, மற்றவர்கள் அதை அமத்தினால் எல்லோருடைய திரையிலும் ஒரே காட்சி ஓடும், ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும். படம் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போவதில்லை, அவரவர் கணக்கில் அவரவர் இணைப்பில்தான் ஓடுகிறது. அதனால் ஸ்கிரீன் ஷேர் செய்தால் வருகிற மங்கலும் கறுப்புத் திரையும் இதில் கிடையாது. அதே காரணத்தால்தான் ஆளுக்கொரு சந்தாவும் வேண்டும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் என்பதால் அப்போது கொம்பியூட்டரும் வேண்டியிருந்தது. போன் மட்டும் வைத்திருக்கிற பெடியள் பாவம்.

இன்னொன்று, நெற்பிளிக்ஸில் நாட்டுக்கு நாடு படப் பட்டியல் வேறு. இங்கே இருக்கிற தமிழ்ப்படம் கனடாவில் இல்லாமல் போகலாம். வெளிநாட்டில் ஆள் இல்லாத யாழ்ப்பாண வீடு ஏது? எந்தப் படம் என்று முடிவெடுக்க முன்னம் எல்லோரையும் ஒருதரம் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆட்களைச் சேர்த்த பிறகுதான் சண்டை தொடங்கும்.

நேரம் வைப்பதில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. எச்டியில் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும், பகல் டேட்டாவில் அது கட்டாது. இங்கே பல இணையப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகு தனியாக இரவு டேட்டா தருகிறார்கள் அல்லவா, அந்தப் பன்னிரண்டு மணி கோடைகாலத்தில் லண்டனுக்கு இரவு ஏழரை, ரொறன்ரோவுக்குப் பிற்பகல் இரண்டரை. யாரும் விடிய எழும்பத் தேவையில்லை, நாங்கள்தான் முழிக்க வேண்டும், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த காலத்தில் அது ஒரு கஷ்டமா என்ன. அங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் திரையில் மட்டும் ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு அது தெரியாது.

சரி, பாதிச் சுகம் என்றேனே, அது ரெலிபார்ட்டியில் படத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற எழுத்து அரட்டையை (சாட்) பற்றியது. தியேட்டரில் ஹீரோ வந்தால் விசில் பறக்கும். இங்கே அதைத் தட்டி முடிக்க முன்னம் அவர் பாட்டையே பாடி முடித்துவிடுவார். படத்தையும் பார்த்து எழுத்தையும் வாசித்து இரண்டும் கெட்டுப்போகிறது. நாங்கள் அந்த அரட்டையை மறைத்துவிட்டு வட்ஸ்அப் கோலைத் திறந்து வைத்தோம். அப்போது அதில் எட்டுப் பேர்தான் வர முடிந்தது, ஆனால் சத்தம் சத்தமாகவே வந்தது. இயர்போன் கட்டாயம், போடாவிட்டால் உங்கள் ஸ்பீக்கரில் போகிற வசனம் கோல் வழியாக மற்றவர்கள் காதில் பிந்தி இன்னொருமுறை விழும், மனுஷர் பார்க்க ஏலாது. தொடங்கும்போதே லிங்க் அனுப்புகிறவருக்கு மட்டும் நிறுத்தும் உரிமை என்று டிக் பண்ணிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவன் பிளேன்டீ ஊற்றவும் இன்னொருவன் கச்சான் எடுக்கவும் என்று படம் விடியும்வரை முடியாது.

இணைப்பு மெதுவான ஆள் ஒருவர் இருந்தால் அவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், அவர் குவாலிட்டியைக் குறைத்தால் பெரும்பாலும் சரிவரும். அப்புறம் அந்தப் போன் மட்டும் வைத்திருக்கிற பெடியள், அவர்களிடமும் சந்தா இருந்தால் ரெலிபார்ட்டியை விட்டுவிடுங்கள். கோலில் ஒருவர் மூன்று எண்ண, எல்லோரும் ஒரேயடியாகப் பிளேயை அமத்துங்கள். இரண்டு செக்கன் முன்பின் போகும், பகிடிக் காட்சியில் ஒருவன் முந்திச் சிரிப்பான், அவனைப் பார்த்தே மற்றவர்களும் சிரிக்கலாம்.