பல்பா, பிளக்கா, சுவிட்ச் போர்டா?

சொன்னதைக் கேட்டுச் செய்யும் குரல் உதவியாளர்களில் "அலெக்சாவா, கூகுளா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் லைட்டையும் ஃபேனையும் ஏசியையும் குரலால் இயக்க நினைப்பவருக்கு அது இரண்டாவது கேள்வி. உங்கள் குரலுக்கும் அந்த லைட்டுக்கும் நடுவில் எதை மாட்டப் போகிறீர்கள் என்பதே முதலாவது.

ஸ்மார்ட் பல்பை மாட்டுவது சுலபம். ஆனால் அறையை விட்டு வரும்போது சுவர் சுவிட்சை அணைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். சுவிட்ச் அணைந்தால் பல்புக்குக் கரண்ட் இல்லை, கத்தினாலும் கேட்காது. என் அம்மாவின் கைப்பழக்கத்திடம் எங்கள் பல்ப் ஒரே வாரத்தில் தோற்றது. போதாததற்கு, நள்ளிரவில் கரண்ட் போய் வந்தால் சில பல்புகள் தாமாகவே முழு வெளிச்சத்தோடு எரியத் தொடங்கும்.

சுவர் பாயின்ட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் ஸ்மார்ட் பிளக்கில், அது தாங்கும் ஆம்பியரைப் பாருங்கள். 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான். 2,000 வாட் கீசருக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பட்டனைத் தொட்டால் மட்டுமே ஓடும் இண்டக்ஷன் அடுப்புக்கு எந்தப் பிளக்கும் உதவாது. அடுப்புக்குக் கரண்ட் வந்து சேரும், ஆனால் அது சும்மா காத்திருக்கும்.

என் ஓட்டு, சுவிட்ச் போர்டுக்குள் மறைத்து வைக்கும் ரிலே என்ற குட்டி ஸ்மார்ட் சுவிட்சுக்கு. அம்மா சுவிட்சைத் தட்டலாம், நான் குரல் கொடுக்கலாம், சண்டை இல்லை. பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், தேவை. பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது இருக்கும். வெறும் சுவிட்ச் போர்டில் இல்லாமல் போகலாம். எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். ஃபேனின் வேகத்தை மாற்ற அதற்கென்று தனி மாட்யூல் உண்டு, சாதாரண ரிலே ஆன், ஆஃப் மட்டும்தான்.

ஏசிக்கு ஐஆர் பிளாஸ்டர் என்ற குட்டிக் கருவி. ரிமோட்டின் வேலையை அது செய்யும், ஆனால் ஏசி ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. செட்டாப் பாக்ஸில் இது வேடிக்கையாகும்: ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே சிக்னல் என்பதால் "ஆன் பண்ணு" என்றால் ஓடுவது அணையும்.

சரி, அலெக்சாவா கூகுளா? போனில் கூகுளிடம் தமிழில் பேசலாம். அலெக்சா இந்தியாவுக்கு 2017இல் வந்து, 2019இல் இந்தி கற்றுக்கொண்டது. "ஹால் லைட்", "பெட்ரூம் ஃபேன்" என்று பெயர் வைத்தால் இரண்டுமே தடுமாறாது. நாமும் அப்படித்தானே சொல்கிறோம். நெட் இல்லாத நேரத்தில் பெரும்பாலும் இரண்டும் ஊமைதான். ஏசி ரிமோட்டைப் பத்திரமாக வையுங்கள்.