புரையேறவில்லை என்பதை நம்பி மூக்குக்குழாயை எடுத்துவிடாதீர்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாமல் இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு மூக்குக்குழாய் வழியாகத்தான் உணவு. ஸ்பீச் தெரபிஸ்ட் தினமும் விழுங்கும் பயிற்சி கொடுத்துவந்தார். மூன்று வாரமாகியும் குழாயை எடுக்க முடியவில்லையே என்ற தவிப்பில் ஒரு அக்குபங்சர் சிகிச்சையாளரிடம் போனோம். பத்தே சிட்டிங்கில் வாயால் சாப்பிடுவார் என்றார். பயிற்சியை நிறுத்தச் சொன்னார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்றுகூடக் கேட்கவில்லை. பிடரியிலும் குரல்வளைக்கு மேலும் ஊசி குத்தினார்.

ஆறாவது சிட்டிங் முடிந்ததும் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். அப்பா விழுங்கினார், புரையேறவில்லை. "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று அங்கேயே குழாயை உருவிவிட்டார். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா ஏதோ சொன்னார். தொண்டையில் சளி தேங்கியதுபோல் குரல் கொழகொழவென்று இருந்தது. காதில் விழுந்தும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். நிமோனியா என்றார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாக எடுத்தார்கள். அப்பா குடித்த திரவம் கறுப்புக் கோடாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கியதைத் திரையில் பார்த்தேன். ஒரு இருமல்கூட வரவில்லை. பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வு மரத்துப்போனால் இருமல் வராமலேயே நுரையீரலுக்குள் போய்விடுமாம். ஸ்பூன் தண்ணீரை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அக்குபங்சரே பொய் என்று சொல்லவில்லை. விழுங்கும் சிகிச்சைகளைப் பற்றி 2018இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத்தொகுப்பு அதையும் அலசியிருக்கிறது. ஆனால் கிடைத்த சான்றுகளின் தரம் போதாது என்கிறது. பலருக்கு முதல் சில வாரங்களில் விழுங்கும் திறன் தானாகவே திரும்பிவிடும், அந்தப் பெயரை ஊசி தட்டிக்கொண்டு போகும். சரி, மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பயிற்சியோடு சேர்த்துச் செய்வது வேறு. பயிற்சியை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

குழாயை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும், எக்ஸ்ரே வீடியோவோ மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பதோ செய்தாயிற்றா என்று கேளுங்கள். விழுங்கியபின் குரல் ஈரமாக மாறினால், அடுத்த வாய் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு மறுபடி குழாய் போட்டிருக்கிறார்கள். பயிற்சியை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.