குஞ்சுக்குச் சூடு: நாலு குண்டு பல்பா, ஒரே சிவப்பு பல்பா, கரிப் பானையா?

ஐம்பது சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க நான் கடைசியில் வைத்துக்கொண்டது நாலு 40 வாட் குண்டு பல்புகளை. போட்டியில் இருந்தவை 250 வாட் இன்ஃப்ராரெட் சிவப்பு பல்பும், எங்கள் உடுமலைப் பக்கம் பழசாகப் புழங்கும் கரிப் பானையும். அடைக்கோழிக்கு இவை எதுவும் ஈடாகாது என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அதன் இறக்கைக்குள் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கு மேல் அடங்காது. பொரிப்பகத்திலிருந்து அட்டைப் பெட்டியில் வாங்கி வந்த குஞ்சுகளை அது சேர்த்துக்கொள்ளும் என்ற உறுதியும் இல்லை. அதனால் அதைப் போட்டியில் சேர்க்கவில்லை.

எந்த முறைக்கும் அடிப்படை ஒன்றுதான். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்க வேண்டும். குஞ்சுகளைச் சுற்றி வைக்கும் தடுப்பு வட்டமாக இருக்க வேண்டும். மூலை இருந்தால் குளிரும்போது அங்கே போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியது மூச்சு முட்டிச் செத்துவிடும். இரண்டு அங்குல உமி, அதன்மேல் முதல் சில நாட்களுக்குப் பேப்பர். வெப்பமானியை விடக் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு போதவில்லை. ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் எங்கள் ஊரில் இது அடிக்கடி நடப்பதுதான். மேற்குப் பக்கம் ஒரு சாக்குப் படுதா கட்டினால் தீர்ந்தது.

கரிப் பானைக்கு ஒரு பெரிய பலம் உண்டு: கரண்டே வேண்டாம். ஐப்பசி மழையில் உமி ஈரம் ஏறாமலும் வைத்திருக்கும். ஆனால் கங்கு தணியத் தணியச் சூடு இறங்கும், கரி போட்டதும் எகிறும். இரவில் யாராவது எழுந்து கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூடிய அறையில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு குஞ்சுக்கும் ஆகாது, பக்கத்தில் படுத்திருக்கும் ஆளுக்கும் ஆகாது. ராத்திரி ஆள் போட்டுப் பார்க்கிற பெரிய கொட்டகைக்குச் சரி, வீட்டுப் பின்கட்டுக்கு வேண்டாம்.

சிவப்பு பல்பு நல்ல பொருள். மறுக்க மாட்டேன். சூடு ஒரே சீராக இறங்கும். சிவப்பு வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துவதும் குறைகிறது. பீங்கான் ஹோல்டர் போட்டு, உமியிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் சங்கிலியில் தொங்கவிட்டால் போதும்; ஒயரை நம்பித் தொங்கவிடக் கூடாது, விழுந்தால் காய்ந்த உமி பற்றிக்கொள்ளும். பகலில் மட்டும் ஒப்பிட்டால் இதுதான் ஜெயிக்கும். எனக்கு முடிவைச் சொன்னது ராத்திரி இரண்டு மணி.

அந்த நேரத்தில் இரண்டு விஷயங்கள் நடக்கலாம். ஒன்று, பல்பு ஃபியூஸ் போகும். ஒரே பல்பு என்றால் போனது மொத்தச் சூடும். முதல் வாரக் குஞ்சுக்கு இறகு கிடையாது, வெறும் பஞ்சு. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. விடியும்வரை யாரும் பார்க்காவிட்டால் கும்பலாய் நெருக்கிச் சாகும். நாலில் ஒன்று போனால் மீதி மூன்று எரிகின்றன, அவற்றின் அடியில் குஞ்சுகள் கொஞ்சம் நெருங்கிப் படுக்கும், அவ்வளவுதான்.

இரண்டு, கரண்ட் போகும். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியின் கொள்ளளவு ஏட்டில் 1,800 வாட் மணி. இன்வெர்ட்டர் தின்பது, பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது என்பது எல்லாம் கழித்தால் கைக்கு ஆயிரம் வந்தால் நல்லது. 250 வாட் சிவப்பு பல்புக்கு அது நாலு மணி நேரம். நாலு குண்டு பல்புக்கு, அதாவது 160 வாட்டுக்கு, ஆறு மணி நேரம். மேலே பஞ்சாரத்தை, அதாவது கோழியை மூடிவைக்கும் கூடையைக் கவிழ்த்து, சாக்கை முக்கால்வாசி போர்த்தி, இரண்டு பல்பை அணைத்துவிட்டால் பன்னிரண்டு மணி நேரம்கூட இழுக்கும். சாக்கு பல்பில் படக் கூடாது. காற்றுப் போக உச்சியில் இடம் விடவும் வேண்டும். சிவப்பு பல்பில் இந்தப் பாதியாக்கும் வசதி இல்லை. டிம்மர் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் பல இன்வெர்ட்டர்களோடு டிம்மர் ஒத்துப்போவதில்லை.

ஒவ்வொரு பல்புக்கும் தனி சுவிட்ச் வைத்திருப்பது வேறு விதத்திலும் உதவுகிறது. சித்திரை மதியத்தில் கொட்டகையே 36 டிகிரி காட்டும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். சாயங்காலம் ஒன்று, இரவு இரண்டு, விடியற்காலையில் நாலு. ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐம்பதுக்கு நூறு வாட். என் 160 மார்கழியையும் மனதில் வைத்துப் போட்டது.

குண்டு பல்பின் குறைகளும் இருக்கின்றன. முதலில் அது கிடைக்க வேண்டும். எல்இடி வந்தபிறகு பழைய எலெக்ட்ரிக்கல் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. கடைக்காரர் எல்இடியை நீட்டினால் வாங்காதீர்கள், அது குஞ்சை வெதுவெதுப்பாக்காது. வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் சீக்கிரம் ஃபியூஸும் போகும், ஆகவே எப்போதும் இரண்டு உபரியாக வைத்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க வெள்ளை வெளிச்சம் இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து சில குஞ்சுகள் வாலைக் கொத்தத் தொடங்குகின்றன. இடம் தாராளமாக விட்டு, கொத்து வாங்கிய குஞ்சைத் தனியே பிரித்தால் அடங்குகிறது, முழுதாக நிற்கவில்லை.

வெளிச்சமே தராத பீங்கான் ஹீட்டர் இதற்குச் சரியான பதிலாக இருக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன், நான் வைத்ததில்லை. அடியில் குஞ்சுகள் புகுந்து படுக்கும் சூட்டுத் தட்டும் அப்படியே. இந்தத் தட்டு கரண்ட் மிகக் குறைவாகத் தின்கிறது என்பதால் இன்வெர்ட்டர் கணக்கில் என் பல்புகளையே அது தோற்கடிக்கும். ஐம்பது குஞ்சுக்கான அளவில் வாங்க இப்போதைக்குக் கை வரவில்லை.

இவ்வளவும் நூறு குஞ்சு வரைக்கும்தான். முந்நூறு, ஐந்நூறு என்று போகிறவர்கள் பல்பு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் கேஸில் சூடு கொடுக்கும் புரூடர் வைத்திருப்பவரிடம் போய், ஒரு சிலிண்டர் மழைக்காலத்தில் எத்தனை ராத்திரி வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.