மூன்று மணிக்கு விழிப்பவள் வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை

ஒன்றரை வருடமாக ராத்திரி மூன்று மணி ஆனால் எனக்கு டக்கென்று கண் திறந்துகொள்ளும். வயது 47. வீடு அம்மாப்பேட்டையில், பின்சந்தில் விசைத்தறி. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தறி ஓடினால் தூங்குவேன், கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எழுந்து உட்காருவேன். அதனால் சத்தத்தின் மேல் பழி போட வழியில்லை, மெத்தையின் மேல் போட்டேன். ஆன்லைனில் வாங்கிய ஃபோம் மெத்தை அது. புதிதில் சுகமாகத்தான் இருந்தது, சேலத்துச் சித்திரை வெயில் வந்ததும் முதுகுக்குக் கீழே தோசைக்கல். போதாததற்கு இந்த வயதில் உடம்பு வேறு உள்ளேயிருந்து திடீர் திடீரென்று கொதிக்கும், பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய மெத்தைக் கடைக்குப் போனேன். 6க்கு 3 அளவு, பன்னிரண்டு கிலோ பஞ்சு, உறைத்துணி, தையல் கூலி எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். முன்பு வேறொரு கடையில் பஞ்சோடு கழிவைக் கலந்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதனால் இந்த முறை தைத்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பெரியவர் கோபப்படவில்லை. மூட்டையைப் பிரித்து, "கையில அள்ளிப் பாருங்கம்மா, கனமே தெரியாது. கனம் தெரிஞ்சா கழிவு கலந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். நெசவுக்காரி கை சும்மா இருக்குமா, கொஞ்சம் எடுத்து முறுக்கிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு பிரிந்து போனது. இலவம்பஞ்சில் நூல் நூற்பது லேசில்லை, இழை அவ்வளவு குட்டை, அவ்வளவு வழவழப்பு. இழைக்குள்ளே வெறும் காற்றுதான், அதனால்தான் அந்த லேசு.

கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "பகல்ல இதுமேல உக்காராதீங்கம்மா, ஒரே இடத்துல அமுங்கிக் கட்டி தட்டிரும். காலைல சுருட்டி வெச்சிருங்க."

முதல் வாரம் தும்மல். பஞ்சுத் தூசி தையல் வழியாக வரத்தான் செய்கிறது, மேலே இன்னொரு உறை போட்ட பிறகு அடங்கியது. முதுகுக்கு நிம்மதி, சூடு இல்லை. ஆனால் மூன்று மணிக்கு முழிப்பு மட்டும் அப்படியே! ஐயாயிரத்தை விட்டெறிந்துவிட்டோமே என்று படுத்துக்கொண்டே புலம்பினேன்.

மாற்றம் தெரிய மூன்று வாரம் ஆனது, காரணம் பஞ்சு இல்லை, அந்தச் சுருட்டல். அதுவரை என் கட்டில்மேல்தான் எல்லாம், சீரியல், புடவைக் கணக்கு, ஃபோன், சண்டை, சில நாள் இட்லிகூட. இப்போது காலை ஆறு மணிக்கு மெத்தையைச் சுருட்டினால் வெறும் பலகை, அதில் யார் உட்காருவார்கள்? தூங்க மட்டுமே அந்த இடம் என்று உடம்பு பழகிவிட்டது. டாக்டரம்மா இதைத்தான் முன்பே சொல்லியிருந்தார், இருபது நிமிடம் போலப் படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்பி வாருங்கள் என்று. காதில் வாங்கவில்லை, மெத்தை கட்டி தட்டிவிடும் என்றதும் வாங்கிக்கொண்டேன், என்ன செய்வது, காசு போட்ட பொருள்.

இப்போது விழிப்பு வந்தால் கூடத்தில் சின்ன விளக்கு போட்டுப் பூக்கட்டும் நாரைக் கிழித்துக்கொண்டு உட்காருகிறேன். ஃபோனைத் தொடுவதில்லை. கடிகாரத்தையும் சுவர் பக்கம் திருப்பிவிட்டேன், மணி தெரிந்தால் ஐந்துக்குத் தண்ணீர் வருமே, இன்னும் இரண்டு மணி நேரம்தானே என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். தூக்கம் ஒன்றரை மணி நேரம் போலச் சுற்றுச் சுற்றாக வருவதுதான், சுற்றுக்கு நடுவே லேசாக விழிப்பது எல்லோருக்கும் உண்டு, விடியப்போகும் நேரத்தில் தூக்கம் இன்னும் மேலோட்டம். அப்புறம் காபி. கொழுந்தனார் ஏற்காட்டிலிருந்து வாங்கிவரும் பொடி, விட மனசே வரவில்லை, ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்தால் ராத்திரி பத்துக்கும் அதில் பாதி உடம்பில் நிற்கும் என்றார்கள். மத்தியானத்தோடு நிறுத்திவிட்டேன். குளிர்ந்தால் தூங்கிவிடலாம் என்று இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கியும் பார்த்தாயிற்று, அங்கேயும் அதே மூன்று மணி, கம்பளி ஒன்றுதான் கூடுதல்.

இப்போதும் வாரத்தில் மூன்று நாள் விழிக்கிறேன், ஆனால் பெரும்பாலும் கால் மணியில் திரும்பத் தூங்கிவிடுகிறேன். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுகிறவர்கள், சிறுநீருக்கே நாலைந்து முறை எழுகிறவர்கள் மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். எங்கள் வீட்டுக்காரரையும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

மெத்தையின் குறைகள்: நான்கு மாதத்தில் ஓரம் சரிந்துவிட்டது. மாதம் ஒரு தடவையாவது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், ஐப்பசி மழையில் அதற்கு வழியே இல்லை, லேசாக ஒரு வாடை வந்துவிடும். பஞ்சு லேசுதான், அதற்காக மெத்தையும் லேசு என்று நினைத்துவிடாதீர்கள், மாடிக்குத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். வாங்குவதானால் ஆளுக்கு ஒன்று 6க்கு 3 போதும். 6க்கு 4 எடுத்தால் காலையில் ஒற்றை ஆளாகச் சுருட்ட முடியாது, அப்புறம் அது கட்டிலிலேயே கிடக்கும்.